ஆனி 32: மாதம் முடிகிற இடத்தை முன்வைத்துச் சில குறிப்புகள்

1

அப்பா இறந்தது ஆனி 32. ஆங்கிலத் தேதிப்படி ஜூலை 16. எங்கள் வீட்டில் திதி பார்க்கிற வழக்கம் இல்லை. தமிழ்த் தேதிதான் கணக்கு. அன்றைக்குப் படத்துக்கு மாலை போட்டு, விளக்கேற்றி, அவருக்குப் பிடித்ததைச் சமைத்துப் படையல் வைப்போம். முதலாண்டு நெருங்கியபோது அம்மா தினசரிக் காலண்டரைக் கையில் எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். “இந்த வருஷம் ஆனிக்கு 31 நாள்தான்டி போட்டிருக்கான். அப்பாவுக்கு எப்பக் கும்பிடறது?”

மேற்குத் தாம்பரத்து வீட்டில் அன்று மாலைக்குள் மூன்று விடைகள் வந்துவிட்டன. மாமா சொன்னார்: “31க்கு மறுநாள்தான் 32. அந்த நாளுக்கு ஆடி ஒண்ணுன்னு பேர் வச்சிருந்தா வச்சிட்டுப் போறான். அன்னிக்கே கும்பிடுவோம்.” அம்மாவுக்கு அது ஒப்பவில்லை. “ஆனி கடைசி நாள்ல போனாரு. கடைசி நாள்லயே செய்யணும். ஆடியில கொண்டு போய் வைக்காதீங்க.” சித்தி மகன் சேலையூரில் ஒரு சின்ன கம்பெனியில் புரோகிராம் எழுதுகிறவன். அவன் சொன்னது: “ஜூலை 16ன்னு வச்சுட்டா சண்டையே இல்லையேக்கா.”

அந்த ஆண்டு ஆனி ஒரு நாள் தாமதமாகப் பிறந்திருந்தது. அதனால் ஆனி 31உம் ஜூலை 16உம் ஒரே நாளாக விழுந்தன. அம்மாவும் தம்பியும் ஒரே விடைக்கு வந்துவிட்டார்கள். சண்டை தீர்ந்தது, படையலும் ஆயிற்று. சாப்பிட்டுக் கை கழுவும்போது தம்பி சொன்னான்: “இது எங்க ஆபீஸ்ல தினம் நடக்கிற சண்டைக்கா. ரெண்டு சூத்திரம் ஒரே விடை கொடுத்துச்சுன்னா ரெண்டும் ஒண்ணுன்னு நெனச்சுருவோம். அடுத்த வருஷம் பாருங்க.”

தமிழ் எம்.ஏ. படித்த எனக்கு புரோகிராம் எழுதத் தெரியாது. ஆனால் அவன் சொன்னதிலிருந்து தொடங்கிய பேச்சு, காலம், சட்டம், அதிகாரம் என்று நாம் இந்தப் பக்கங்களில் பேசிவருகிற விஷயங்களுக்கு நேராக வந்து சேர்ந்தது. புரிந்துகொண்டவரை எழுதுகிறேன்.

2

நாள் ஓர் அளவு. வாரமும் அளவுதான், ஏழு நாள் என்றால் எப்போதும் ஏழு நாள். எந்தத் தேதியோடும் ஏழைக் கூட்டலாம், பிறகு கழித்தால் புறப்பட்ட இடத்துக்கே திரும்பலாம். மாதம் அப்படி இல்லை. 28, 29, 30, 31 என்று மாறுகிற ஒன்றை அளவு என்று சொல்ல முடியாது. மாதம் ஒரு பெயர். வரிசையில் ஒரு இடத்துக்குரிய பெயர்.

சசூர் தனது மொழியியல் பாடத்தில் (1916) ஜெனீவாவிலிருந்து இரவு 8.25க்குப் பாரிசுக்குப் புறப்படும் ரயிலை உதாரணம் காட்டுவார். இன்றைய பெட்டிகள் வேறு, நேற்றைய பெட்டிகள் வேறு, ஓட்டுநரும் வேறு. ஆனாலும் நாம் அதை ‘அதே ரயில்’ என்கிறோம். 1931இல் மின்சாரத்தில் ஓடத் தொடங்கிய தாம்பரம்–கடற்கரை வண்டியில் தினமும் ஒரே நேரத்தில் ஏறுகிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அந்த ரயிலின் அடையாளம் அதன் பொருளில் இல்லை, அட்டவணையில் அது நிற்கிற இடத்தில் இருக்கிறது. பிப்ரவரியும் இப்படித்தான். ஜனவரிக்கும் மார்ச்சுக்கும் இடையில் நிற்பதுதான் அதன் அடையாளம்.

ஆகவே ‘ஒரு மாதம் கூட்டு’ என்று கம்ப்யூட்டரிடம் சொல்லும்போது நாம் உண்மையில் கூட்டல் கணக்கைச் சொல்லவில்லை. பெயரை அடுத்த பெயருக்கு நகர்த்து, தேதி எண்ணை அப்படியே வைத்துக்கொள் என்கிறோம். ஜனவரி 15க்கு இது பொருந்தும். ஜனவரி 31 என்றால்? பிப்ரவரியில் 31ஆம் இடமே கிடையாது. அங்கே கணக்கு முடிந்துபோகிறது. யாரோ ஒருவர் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது.

வெவ்வேறு மொழிகளும் மென்பொருள்களும் வெவ்வேறாகத் தீர்மானித்திருக்கின்றன. எக்செல்லின் மாதக் கூட்டல் பிப்ரவரி 28இல் நிறுத்திவிடும். ஜாவாவின் இன்றைய தேதி நூலகமும் அதைத்தான் செய்யும். ஜாவாஸ்கிரிப்ட் நிறுத்தாது: இல்லாத மூன்று நாளை மார்ச்சுக்குள் வழியவிட்டு மார்ச் 3 என்னும், லீப் வருஷமானால் மார்ச் 2. ஆரக்கிளில் மூன்றாவது வழி: புறப்பட்ட தேதி மாதக் கடைசியாக இருந்தால் சேருகிற தேதியும் மாதக் கடைசியாக இருக்கும். பிப்ரவரி 28உடன் ஒரு மாதம் கூட்டினால் அங்கே மார்ச் 31 கிடைக்கும். எக்செல்லில் மார்ச் 28.

வழியவிடுவது மாமாவின் கட்சி. மாதக் கடைசியைப் பிடித்துக்கொள்வது அம்மாவின் கட்சி. அந்தக் கூடத்தில் உட்கார்ந்திருந்த எவரும் ஜாவாஸ்கிரிப்டோ ஆரக்கிளோ கேள்விப்பட்டவர்கள் இல்லை. ஆனாலும் கட்சிகள் அதேதான்.

சிக்கலின் வேர் குறியில் இருக்கிறது. ‘31’ என்று எழுதும்போது ‘முப்பத்தோராவது நாள்’ என்றும் பொருள், ‘கடைசி நாள்’ என்றும் பொருள். எழுதியவர் எதை மனதில் வைத்திருந்தார் என்பதை அந்த எண் சொல்லாது. ஒரே குறி, இரண்டு குறிப்பீடு. அடுத்த மாதத்தின் எல்லையில் போய் முட்டும்வரை இந்தப் பிளவு வெளியே தெரிவதில்லை.

எல்லையில் முட்டிய பிறகு நமக்குத் தெரிந்த எண்கணிதமும் கைவிடுகிறது. ஜனவரி 31உடன் ஒரு மாதம் கூட்டினால் பிப்ரவரி 28. அதிலிருந்து ஒரு மாதம் கழித்தால் ஜனவரி 28. போன வழியே திரும்பி வந்தால் வேறு வீடு. ஒன்று, மறுபடி ஒன்று என்று கூட்டினால் மார்ச் 28. ஒரேயடியாக இரண்டு மாதம் கூட்டினால் மார்ச் 31. 2012 பிப்ரவரி 29 அன்று மைக்ரோசாஃப்டின் அஸ்யூர் சேவை உலகமெங்கும் தடுமாறியதற்கும் இதே இனத்துப் பிழைதான் காரணம். ஒரு வருஷத்துக்குச் செல்லும் சான்றிதழை உருவாக்குகிற நிரல், ஆண்டு எண்ணில் மட்டும் ஒன்றைக் கூட்டி 2013 பிப்ரவரி 29 என்று எழுதப் பார்த்தது. அப்படி ஒரு நாளே இல்லை.

3

ஆனிக்கு ஏன் சில ஆண்டில் 31, சில ஆண்டில் 32? தமிழ் மாதம் சூரியன் ஒரு ராசியிலிருந்து அடுத்த ராசிக்குப் போகிற கணத்தில் பிறக்கிறது. ஜூலைத் தொடக்கத்தில் பூமி சூரியனிலிருந்து அதிகத் தொலைவில் இருப்பதால் சூரியன் மெதுவாக நகர்வதாகத் தெரியும். ஜனவரித் தொடக்கத்தில் வேகமாக. அதனால் பஞ்சாங்கக் கணக்கில் ஆனியின் நீளம் 31 நாள் 36 நாழிகை 38 விநாடி. மார்கழிக்கு 29 நாள் 20 நாழிகை 53 விநாடிதான். ஒரு நாளுக்கு 60 நாழிகை, ஒரு நாழிகை 24 நிமிடம். பன்னிரண்டையும் கூட்டினால் 365 நாள் 15 நாழிகை 31 விநாடி வரும்.

ஆனால் வாழ்க்கைக்கு முழு நாள் வேண்டும். 36 நாழிகையை யாரும் கிழித்துப் போட முடியாது. இங்கேதான் ஒரு விதி நுழைகிறது: சூரியன் ராசி மாறும் கணம் அஸ்தமனத்துக்கு முன் விழுந்தால் அன்றே முதல் தேதி, அஸ்தமனத்துக்குப் பின் என்றால் மறுநாள். கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஆனி பிறக்கும் கணம் முந்தைய அஸ்தமனத்திலிருந்து எத்தனை நாழிகை தள்ளி இருக்கிறது என்று பாருங்கள். 23 நாழிகை 22 விநாடிக்குள் இருந்தால், அதோடு 36 நாழிகை 38 விநாடியைக் கூட்டினாலும் 60ஐத் தாண்டாது; மாதம் 31 நாளில் முடியும். தாண்டினால் ஒரு நாள் கூடி 32. ஏறக்குறைய ஐந்தில் மூன்று ஆண்டுகளில் ஆனிக்கு 32 நாள் என்பது இதிலிருந்து கிடைக்கும் முடிவு. அப்பா இறந்த தேதி அதிசயமான தேதி அல்ல, பெரும்பான்மைத் தேதி. ஆனாலும் அடுத்த ஆண்டே காணாமல் போகக்கூடிய தேதி.

விதி மலைக்கு அந்தப் பக்கம் மாறுகிறது. கேரளத்தில் அஸ்தமனம் எல்லை அல்ல. சூரியோதயத்திலிருந்து 18 நாழிகை, அதாவது பிற்பகல் ஒன்றேகால் மணி வாக்கு. 2023 ஏப்ரல் 14 பிற்பகலில், அந்த எல்லையைத் தாண்டி, ஆனால் அஸ்தமனத்துக்கு முன் சூரியன் மேஷத்தில் நுழைந்தது. நமக்குச் சித்திரை 1 அன்றே. கேரளத்தில் விஷு மறுநாள், ஏப்ரல் 15. வானம் ஒன்று, சூரியன் ஒன்று, கணமும் ஒன்று. எல்லையை எங்கே போடுவது என்பதில்தான் இரண்டு ஊர்.

கணத்தைக் கண்டுபிடிப்பதிலேயே இரண்டு மரபு உண்டு. பழைய சூத்திரங்களை மனனமாகக் காத்துவருகிற வாக்கியப் பஞ்சாங்கம். இன்றைய வானியலை ஒட்டித் திருத்திய திருக்கணிதப் பஞ்சாங்கம். 2026 பொங்கலை எடுத்துக்கொள்ளுங்கள். திருக்கணிதத்தில் சூரியன் மகரத்தில் நுழைவது ஜனவரி 14 பிற்பகல் மூன்று மணியைத் தாண்டி. அஸ்தமன விதியில் போட்டால் தை 1 அன்றே. வாக்கிய முறையில் அது சில மணி நேரம் தள்ளி, அஸ்தமனத்தைச் சற்றே கடந்து விழுகிறது. தை 1 மறுநாள். தமிழ்நாட்டரசின் விடுமுறைப் பட்டியலில் பொங்கல் ஜனவரி 15. கம்ப்யூட்டரில் தமிழ்த் தேதி காட்டும் நிரலை எழுதுகிறவர் தனக்குத் தெரிந்தோ தெரியாமலோ இந்த இரண்டில் ஒரு கட்சியில் சேர்ந்தாக வேண்டும். அதோடு எந்த ஊர் அஸ்தமனம் என்றும் சொல்லியாக வேண்டும். டொரொன்டோவில் இருக்கும் ஒருவருக்குச் சென்னையின் அஸ்தமனத்தில் மாதம் பிறக்கிறதா, அவர் ஊர் அஸ்தமனத்திலா? இது தொழில்நுட்பக் கேள்விபோலத் தெரிகிற பண்பாட்டுக் கேள்வி.

வாக்கிய மரபை மூடநம்பிக்கை என்று ஒதுக்குவதும், நம் முன்னோர் கம்ப்யூட்டரை அன்றே கண்டார்கள் என்று மார்தட்டுவதும் இங்கே சுலபம். இரண்டும் வேண்டாம். ஜான் வாரன் என்கிற கம்பெனி அதிகாரி 1825இல் சென்னையில் ‘கால சங்கலிதா’ என்ற நூலை வெளியிட்டார். புதுச்சேரியில் ஒரு பஞ்சாங்கக்காரர் தரையில் சோழிகளை அடுக்கி, மனப்பாடமான அட்டவணைகளை வைத்து, அந்த ஆண்டு மே 31–ஜூன் 1 சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டியதை அதில் பதிவு செய்தார். ஆட்டோ நியூகெபாயர் 1952இல் ‘தமிழ் வானியல்’ என்ற கட்டுரையில் அந்தக் கணக்கைச் சோதித்தார். தொடக்கத்தில் 4 நிமிடம், நடுவில் 23, முடிவில் 52 நிமிடம் பிழை. அந்தப் பஞ்சாங்கக்காரருக்குக் கோட்பாடு எதுவும் தெரியாது என்பது வாரனின் குறிப்பு. வாரன் இதைக் குறையாகச் சொன்னார். எனக்கு இது நிரல் என்பதன் வரையறையாகவே படுகிறது: காரணம் அறியாமலே சரியாக நிறைவேற்றப்படக்கூடிய படிவரிசை. பலமும் அதுதான், ஆபத்தும் அதுதான்.

அந்த மரபு ஒன்றைத் தெளிவாக அறிந்திருந்தது. பஞ்சாங்கக் கணிதம் மாதத்திலிருந்து தொடங்காது. கலியுகத் தொடக்கம் என்று வைத்துக்கொண்ட ஒரு நாளிலிருந்து இன்றுவரை கழிந்த நாட்களின் மொத்த எண்ணிக்கையில் தொடங்கும். அதற்கு அகர்கணம் என்று பெயர். மாதமும் தேதியும் கடைசியில் ஒட்டப்படுகிற பெயர்ச்சீட்டுகள். யூனிக்ஸ் கம்ப்யூட்டர் 1970 ஜனவரி 1 முதல் விநாடிகளை எண்ணுவதும் இதே யோசனைதான். எண்ணுவதற்கு அளவு, அழைப்பதற்குப் பெயர். இரண்டையும் குழப்பாதே என்பது பாடம்.

4

பெயரை அளவாகக் கொள்ளும்போது யாருக்கு நஷ்டம்? இதைச் சட்டம் நேரடியாகக் காட்டுகிறது. 1897ஆம் ஆண்டின் பொது ஷரத்துகள் சட்டம், இந்தியச் சட்டங்களில் மாதம் என்றால் பிரிட்டிஷ் நாள்காட்டிப்படியான மாதம் என்று வரையறுத்தது. இன்றும் அதுதான். ஆனி 32க்கு அந்தச் சட்டத்தில் இடமில்லை. ஆனால் பிரிட்டிஷ் மாதத்துக்குள்ளும் எல்லைச் சண்டை ஓயவில்லை.

டாட்ஸ் எதிர் வாக்கர் என்ற வழக்கு 1981இல் லண்டனில் பிரபுக்கள் சபைவரை போயிற்று. வீட்டுக்காரர் நோட்டீஸ் கொடுத்தது 1978 செப்டம்பர் 30. நான்கு மாதத்துக்குள் வாடகைதாரர் நீதிமன்றத்தில் மனுச் செய்ய வேண்டும். அவர் ஜனவரி 31 அன்று செய்தார். செப்டம்பர் 30 மாதத்தின் கடைசி நாள், ஜனவரி 31உம் கடைசி நாள், ஆகவே சரிதான் என்பது அவர் வாதம். சபை ஏற்கவில்லை. நான்காம் மாதத்தின் அதே எண்ணுள்ள தேதியில் கெடு முடியும், அப்படி ஒரு தேதி இல்லாவிட்டால் மட்டுமே மாதக் கடைசி. ஜனவரியில் 30 இருக்கிறது, எனவே ஒரு நாள் தாமதம் என்று தீர்த்தது. அதே எண்ணுள்ள தேதி என்கிற இந்த விதி இந்திய நீதிமன்றங்களிலும் வழங்குகிறது.

இந்தக் கெடுவை எக்செல்லில் போட்டால் ஜனவரி 30 வரும். ஆரக்கிளில் போட்டால் ஜனவரி 31. அதாவது ஒரு மென்பொருளில் வாடகைதாரர் தோற்கிறார், இன்னொன்றில் ஜெயிக்கிறார். பிரபுக்கள் சபையில் ஐந்து நீதிபதிகள் உட்கார்ந்து, வாதம் கேட்டு, காரணம் எழுதித் தீர்த்த விஷயம் இது. மென்பொருளில் அதே தீர்ப்பை நூலகம் எழுதியவர் என்றோ எழுதிவைத்துவிட்டார். விவரக் கையேட்டில் அது இருக்கும். ஆனால் அதைப் படிக்கிறவர் தீர்ப்புக்கு ஆளாகிறவர் அல்ல. அதிகாரம் தன்னை இயற்கைபோலக் காட்டிக்கொள்கிறது என்று கோட்பாட்டுக் கட்டுரைகளில் நாம் எழுதுகிறோமே, அதற்கு இதைவிடத் துல்லியமான உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை.

தம்பிக்கு நேர்ந்தது இது. தாம்பரத்துக்குத் தெற்கே ஒரு சிறு கடன் நிறுவனம், பெயர் வேண்டாம். பூக்கடை, இட்லிக்கடை வைத்திருக்கும் பெண்களுக்கு மாதத் தவணையில் கடன். அவன் கம்பெனிதான் மென்பொருள் போட்டுக் கொடுத்தது. ஜனவரி 31 அன்று கடன் வாங்கியவர்களுக்கு முதல் தவணை பிப்ரவரி 28 என்று வந்தது, சரி. அடுத்த தவணையை நிரல் முந்தைய தவணைத் தேதியோடு ஒரு மாதம் கூட்டிக் கண்டுபிடித்தது. மார்ச் 28. பிறகு ஏப்ரல் 28. ஒருமுறை பிப்ரவரிக்குள் போய்வந்த தேதி 31ஐ மறந்தேபோய்விட்டது. மாதக் கடைசி என்று நம்பி மார்ச் 30இல் பணம் கொண்டுவந்தவர்களுக்கு இரண்டு நாள் அபராத வட்டி. கேட்டால் “கம்ப்யூட்டர்ல அப்படித்தான் வருது” என்று பதில். தொகை சின்னதுதான். ஆனால் அந்தப் பெண்கள் தங்கள் நினைவைத்தான் சந்தேகித்தார்கள்.

இன்னொன்றும் அப்போது வெளியே வந்தது. மாத வசூலை எடுக்க ‘1ஆம் தேதி முதல் 31ஆம் தேதி வரை’ என்று கேட்டிருந்தார்கள். நேரம் குறிப்பிடாத 31 என்பது கம்ப்யூட்டருக்கு 31 பிறக்கிற நள்ளிரவு. அன்று பகலில் கட்டிய பணமெல்லாம் கணக்கில் வரவில்லை. இதற்குத் திருத்தம் எளியது: ‘1 முதல், அடுத்த மாதம் 1க்கு முன்வரை’ என்று கேட்க வேண்டும். மாதத்தின் முடிவை அதன் கடைசி நாளால் சொல்லாமல் அடுத்ததன் தொடக்கத்தால் சொல்வது. அப்போது 28ஆ 31ஆ என்று தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமே இல்லை. இரண்டு மாதத்துக்கு நடுவில் எந்தக் கணமும் விழுந்து தொலைந்துபோகாது, இரண்டு முறை எண்ணப்படவும் செய்யாது.

தவணைக்கும் திருத்தம் உண்டு. முதல் தேதியை என்றைக்கும் அழிக்காமல் வைத்துக்கொள்வது. எத்தனையாவது தவணையோ அத்தனை மாதத்தை அந்த முதல் தேதியோடு கூட்டுவது. அப்போது பிப்ரவரி 28, மார்ச் 31, ஏப்ரல் 30 என்று வரும். தேதி தன் மூலத்தை மறக்காது. தம்பி அதைச் சரிசெய்தான். வாங்கிய அபராதத்தைத் திருப்பித் தந்தார்களா என்று கேட்டேன். “அது என் வேலை இல்லேன்னுட்டாங்கக்கா” என்றான். அதைச் சொல்லும்போது அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை.

1981இல் தமிழ்நாட்டில் வந்த தொழிலாளர் நிரந்தரத் தகுதிச் சட்டம், 24 நாள்காட்டி மாதத்தில் 480 நாள் வேலை செய்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்றது. எந்த நாளிலிருந்து 24 மாதம், எந்த நாள்வரை 480 என்று எண்ணுகிறவருக்கும் எண்ணப்படுகிறவருக்கும் ஒரே அதிகாரம் இல்லை. தாம்பரம், பல்லாவரம், குரோம்பேட்டைப் பக்கம் ஒப்பந்த வேலையில் இருப்பவர்களுக்கு ஒரு நாள் என்பது என்ன என்று நான் சொல்ல வேண்டியதில்லை. எண்ணுகிற வேலை பேரேட்டிலிருந்து நிரலுக்குப் போயிருக்கும்போது, நிரல் எங்கிருந்து எண்ணுகிறது என்று கேட்பதும் உரிமைக் கேள்விதான்.

5

மெக்நாத் சாகா தலைமையிலான நாள்காட்டிச் சீர்திருத்தக் குழு 1955இல் அறிக்கை தந்தது. அதன்படி 1957 மார்ச் 22 முதல் நடைமுறைக்கு வந்த தேசிய நாள்காட்டியில் மாதங்களுக்கு நிலையான நீளம்: சைத்திரம் 30, லீப் ஆண்டில் 31; அடுத்த ஐந்து மாதம் 31; மீதி 30. எழுத எளிய நிரல். அரசிதழில் இன்றும் அந்தத் தேதி இருக்கிறது. எங்கள் வீட்டுச் சுவரில் இல்லை. எல்லோருக்கும் ஒரே விதியை மேலிருந்து கொடுத்தால் பிரச்சினை தீரும் என்பது அறிவியலாளரின் நியாயமான ஆசை. ஆனால் மக்கள் நாள்காட்டியில் தேடுவது எண்ணின் ஒழுங்கை மட்டும் அல்ல.

மூன்றாம் ஆண்டு ஆனிக்கு மறுபடி 32 நாள். அம்மா மறுபடி காலண்டரோடு வந்தார். “போன வருஷம் 31ல கும்பிட்டோம். இந்த வருஷமும் 31தானே?” அன்றைக்குத் தம்பி வந்திருந்தான். கடன் நிறுவனத்துக் கதை அவனுக்குள் இன்னும் ஆறியிருக்கவில்லை. “போன வருஷத்துலேருந்து எண்ணாதீங்க பெரியம்மா. பெரியப்பா போன நாள்லேருந்து எண்ணுங்க” என்றான்.

அம்மா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, காலண்டரில் 32ஆம் தேதித் தாளின் மூலையை மடித்து வைத்தார்.